மச்சாள் நிற்பதில்லை

மச்சாளுக்குக் காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. நடக்கச் சொன்னால் நடப்பார். ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டிலிருந்து மரக்கறிக் கடைத் தெருவுக்குப் போய், இரண்டு கையிலும் பையோடு, தூறல் விழுந்தாலும் அவசரப்படாமல் நடந்து திரும்பி வருவார். ஆனால் நிற்கமாட்டார். எங்கே நிற்க வேண்டி வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

அவர் என் கணவருடைய அக்கா. என் கணவர், அதாவது இவர், தொண்ணூறுகளிலேயே அகதியாக நியூசிலாந்துக்கு வந்துவிட்டவர். மச்சாள் வன்னியில் இருந்து, 2009இன் கடைசிச் சண்டை முழுவதையும் பார்த்து, முள்ளுக்கம்பி முகாமிலும் கிடந்துவிட்டு, விசா இழுபட்டு இழுபட்டு, 2012இல் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே விமான நிலையத்தில் எங்களை அழவைத்தார். மற்றப் பயணிகள் எல்லாரும் வெளியே வந்து முடிந்த பிறகு, கதவு திறக்க, ஒரு சமோவா இளைஞன் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் மச்சாள். மடியில் ஒரு துணிப்பை. இவர் ஓடிப்போய் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, “கால் ஏலாமப் போனதை ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?” என்று குழந்தை மாதிரி அழுதார்.

“ஆருக்கடா கால் ஏலாது?” என்று மச்சாள் எழும்பினார். “அந்த வரிசை நீளமெண்டு கீழை இருந்தனான். அவங்கள் பயந்துபோய் இதைக் கொண்டுவந்திட்டாங்கள். வேண்டாமெண்டு சொல்ல எனக்குப் பாசை தெரியுமே?”

தள்ளிக்கொண்டு வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் அழுதபடியே சிரித்தார். அன்றைக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

பிறகு பகிடி குறைந்தது. வங்கி வரிசையில், சூப்பர் மார்க்கெட்டில், கோயிலில் தீபாராதனை நேரத்தில், எல்லா இடத்திலும் மச்சாள் தரையில். சேலையை ஒதுக்கி, பையை மடியில் வைத்து, யாரையும் பார்க்காமல் இருப்பார். வரிசை நகர்ந்தால் எழும்பி இரண்டு அடி வைத்து மறுபடியும் உட்காருவார். சனங்கள் என்னைத்தான் பார்ப்பார்கள், இந்தக் கிழவிக்கு ஒரு கதிரை எடுத்துக் கொடுக்கக்கூடாதா என்பது போல. கிழவி என்று சொல்லும் வயதும் இல்லை அவருக்கு. ஐம்பத்தைந்து இருக்கும்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எழும்ப முடியாதவர்களைத் தூக்கி நிறுத்துவதும், குளிப்பாட்டித் திரும்ப உட்காரவைப்பதும்தான் நாள் முழுக்க. முதுகு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால், எழும்ப முடிந்தும் எழும்பாத ஒருவர் குசினிக்குள் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்துகொண்டு அடுப்பை எட்டிக் கறி கிண்டிக்கொண்டிருப்பார். கறி என்னவோ நல்ல ருசிதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏன் மச்சாள், நிண்டு சமைச்சா என்ன? நாரி, இடுப்பு ஏதும் நோவோ? டொக்டரிட்டைப் போவமோ?”

“நோவொண்டும் இல்லை, சுகி. நான் நிண்டு முடிச்சிட்டன்.”

வேலை முடித்துவிட்டேன், சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மேற்கொண்டு கேட்க எனக்கும் அன்று தெம்பு இருக்கவில்லை.

மே மாதத்தில் பக்கத்து ஒடாஹுஹுவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் சண்டையில் செத்தவர்களை நினைவுகூருவார்கள். இறந்தவர்களின் படங்களை நீளமான மேசையில் அடுக்கி, பூ வைத்து, விளக்கேற்றி, எல்லாரும் எழும்பி மௌனமாக நிற்பார்கள். மச்சாள் வந்த அடுத்த வருடம் நாங்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த மேசையில் அவருடைய கணவரின் படமும், அதற்குப் பக்கத்தில் மகன் கண்ணனின் படமும் இருந்தன. இரண்டையும் இவர்தான் முன்பே கொடுத்துவைத்திருந்தார். பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டோடு, தலையைப் படிய வாரிய பெடியன். மச்சாள் மேசைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். வந்து தன் கதிரையில் இருந்தார்.

எழும்பச் சொன்னபோது மண்டபம் முழுவதும் எழும்பியது. மச்சாள் எழும்பவில்லை. நான் தோளைத் தொட்டேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முடிந்த பிறகு, இதை நடத்தும் சங்கத்தின் செயலாளர் வந்தார். நல்ல மனுஷர். சண்டையில் இரண்டு தம்பிமாரைப் பறிகொடுத்தவர். கதிரை அடுக்குவதிலிருந்து கடைசியில் மண்டபம் கூட்டுவது வரைக்கும் அவர்தான். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை, வருத்தம்தான் இருந்தது.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஒரு நிமிசம்தானே. உங்கட மகனுக்காண்டியாவது எழும்பியிருக்கலாம்.”

“அவனுக்காண்டி நான் நிண்டிட்டன், தம்பி,” என்றார் மச்சாள்.

செயலாளருக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. காரில் வரும்போது இவர் பொருமினார். “எல்லாரும் பாக்கினம் அக்கா. நாளைக்கு நான் இந்தச் சனத்தின்ர முகத்தில முழிக்க வேண்டாமே?”

“றோட்டைப் பார்த்து ஓட்டு,” என்றார் மச்சாள்.

அடுத்த வருடமும் அதேதான். அதற்கடுத்த வருடமும். ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். மனுசிக்குத் தலைக்கனம் என்றார்கள் சிலர். புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது, பாவம் என்றார்கள் சிலர். இவர் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்கிறவர். உடம்பு அலுத்து வந்து, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “இந்த மே மாசம் அக்கா வீட்டில நிக்கட்டும்” என்பார். மச்சாள் அதைக் கேட்டாலும் கேளாத மாதிரி, அந்த நாளில் எல்லாருக்கும் முன்னால் வெளிக்கிட்டுக் காருக்குள் போய் இருப்பார். வராமல் விட்டவரும் இல்லை, எழும்பினவரும் இல்லை.

2016இல் நாங்கள் ஜெர்மனிக்குப் போனோம். இவருடைய அண்ணன் மியூனிக்கில் இருக்கிறார். அவருடைய மகனுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணர் சொன்னார், “இங்க வாற ஆக்களை நான் ரெண்டு இடத்துக்குக் கட்டாயம் கொண்டுபோறனான். ஒண்டு ராசாவின்ர மாளிகை. மற்றது டாஹவ் முகாம். ஹிட்லர்ர காலத்தில சனத்தை அடைச்சு வைச்ச இடம். பார்க்காமப் போகக்கூடாது.” அவருக்குக் கல்யாண மண்டபத்துச் சாமான்கள் திருப்பிக் கொடுக்கிற வேலை இருந்தது. அவருடைய மகள் அபி எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்துக் கதைப்பாள்.

எனக்கு அந்த இடத்துக்குப் போக விருப்பம் இருக்கவில்லை. மச்சாளை அங்கே கொண்டுபோவது சரியா என்றும் இருந்தது. அவர் மறுக்காமல் வந்தார்.

இரும்புக் கதவைத் தாண்டினால் பெரிய வெளி. சரளைக்கல் பரவிய வெறும் வெளி. வெயிலில் கண் கூசியது. ஒரு பக்கத்தில் நீளமான கட்டடம். எதிர்ப்பக்கத்தில் கைதிகளை அடைத்த கொட்டில்கள் இரண்டு, பார்ப்பவர்களுக்காகத் திரும்பக் கட்டப்பட்டவை. மிச்சக் கொட்டில்கள் இருந்த இடங்களை நிலத்தில் எல்லை கட்டிக் காட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே நெட்டை மரங்கள் இரண்டு வரிசையாகப் போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, சத்தமில்லாமல் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

“என்ன துப்பரவா வைச்சிருக்கிறாங்கள்,” என்றார் மச்சாள்.

அபி வெளியின் நடுவில் நின்று சொன்னாள். “மாமி, இதிலதான் அவையளை எண்ணுறது. காலமையும் பின்னேரமும். ஒரு ஆள் குறைஞ்சாலும் எல்லாரும் நிக்கோணும். மழை, ஸ்னோ, ஒண்டும் பாக்கமாட்டினம். விழுந்து செத்த ஆக்களும் இருக்கினம்.”

மச்சாள் தன் காலடியைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தச் சரளைக்கல்லில் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இவருடைய முகம் சிவந்தது. “அக்கா, இங்கயுமா? இது சுடலை மாதிரி ஒரு இடம். எழும்புங்கோ. தயவுசெய்து எழும்புங்கோ.”

“இப்பிடித்தான் தம்பி அதுவும் ஒரு வெளி,” என்றார் மச்சாள்.

இவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“தண்ணியைக் கடந்து ஆமியின்ர பக்கம் வந்து ஏறின இடம். வயல் போல கிடந்தது. எங்களை வரிசையா விட்டிருந்தாங்கள். இயக்கத்தில ஒரு நாள் இருந்த ஆக்களும் தனியா வந்து சொல்லுங்கோ, சொன்னா மன்னிப்பு எண்டு ஸ்பீக்கரில சொன்னாங்கள். கண்ணனைக் கடைசி ரெண்டு மாசம் இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருந்தவை. அவன் சொல்லமாட்டன் எண்டவன். சொல்லாமப் போவம் அம்மா, ஆருக்குத் தெரியப்போகுது எண்டவன். நான்தான், பொய் சொன்னா பிறகு கரைச்சலடா, போய்ச் சொல்லிப்போட்டு வா எண்டனான். கையில பிடிச்சுக்கொண்டு போய் விட்டனான்.”

அபி தன் மாமியின் பக்கத்தில் குந்தினாள். அவளுக்கு எல்லாச் சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் குந்தினாள்.

“ஒரு ஆமிக்காரன், சின்னப் பெடியன்தான், அம்மா இங்க நில்லுங்க, விசாரிச்சு அனுப்புறம் எண்டான். கொச்சைத் தமிழில. நான் நிண்டன். வெயில் ஏறினது, இறங்கினது, நான் நிண்டன். இருந்தா என்னைக் காணமாட்டான், கூட்டத்துக்குள்ள தேடுவான் எண்டு போட்டு நிண்டன். கண்ணனை ஏத்தின பஸ் எனக்கு முன்னாலதான் போனது. கையைக் காட்டினவன். அப்பவும் நான் அந்த இடத்தை விட்டு அசையேல்ல, நில்லுங்க எண்டு சொன்னவங்கள்தானே. இருட்டினாப் பிறகு தள்ளித்தான் என்னை மற்ற பஸ்ஸில ஏத்தினவங்கள்.”

சற்று நேரம் கழித்து, “காலமை முழுக்க அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி கூடக் குடுக்கேல்லை,” என்றார்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நாங்கள் கேட்டதில்லை. கண்ணன் கடைசிச் சண்டையில் போய்விட்டான் என்றுதான் இவருக்கு யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். படத்தையும் அப்படித்தான் கொடுத்திருந்தார். இவர் சட்டென்று சரளைக்கல்லில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண் எங்களிடம் வந்தார். நரைத்த குட்டை முடி, கையில் தண்ணீர்ப் போத்தல். வெயிலில் மயங்கிவிட்டார்களா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். அபி இல்லையென்று சொல்லி, தன் மாமியும் ஒரு முகாமில் இருந்தவர் என்று ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் போத்தலை மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“இவவிட்டை ஒண்டு கேள், அபி,” என்றார் மச்சாள். “இங்கயிருந்து காணாமப் போன ஆக்களை, அவையின்ர சொந்தக்காரர் இப்பவும் வந்து கேக்கினமோ?”

அபி கேட்டாள். பதிலைக் கேட்டு, சொல் தேடித் தேடிச் சொன்னாள். “ஓம் மாமி. இப்பவும் கேக்கினமாம். வந்தும் கேக்கினம், எழுதியும் கேக்கினம். பேரப்பிள்ளைகளும் கேக்கினமாம். அதுக்கெண்டு தேடிப் பார்த்துப் பதில் சொல்ல ஆக்கள் வேலை செய்யினம்.”

“எழுபது வருசம் போயுமோ?”

“ஓம். போன வருசம் ஒரு வயசான மனுசி தன்ர அப்பாவைக் கேட்டு வந்தவவாம். தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னவையாம்.”

“உயிரோட இருந்தாரோ?”

“இல்லை மாமி. செத்திட்டார். ஆனா எங்க, எப்ப எண்டு சொன்னவையாம்.”

மச்சாள் போத்தலைத் திறந்து கொஞ்சம் குடித்தார். “அதையாவது சொன்னாங்களே,” என்றார். வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பெண்ணும் என்ன செய்வது என்று தெரியாமல் கைகூப்பினார். பிறகு மச்சாள் எழும்பி, சேலையில் ஒட்டிய கல்லுகளைத் தட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார். பிணம் எரித்த அடுப்புகள் இருந்த கட்டடத்தைப் பார்க்க அவர் வரவில்லை. நாங்களும் போகவில்லை. வரும் வழியில் காருக்குள் அபி ஒருதடவை மூக்கை உறிஞ்சினாள்.

ஒக்லாந்துக்குத் திரும்பிய பிறகு வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மச்சாள் ஸ்டூலில் இருந்து சமைத்தார். வரிசைகளில் உட்கார்ந்தார். ஆனால் இவர் அதற்குப் பிறகு எழும்புங்கோ என்று ஒரு இடத்திலும் சொன்னதில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஊரில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் றோட்டோரத்தில் கொட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் பிள்ளைகள் எங்கே, அதற்குப் பதில் சொல்லும் வரைக்கும் எழும்பமாட்டோம் என்று. மச்சாள் இவருடைய போனை வாங்கி அந்தப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு பெண்ணைக் காட்டி, “இவ என்னோட ஒரே பஸ்ஸில வந்தவ” என்றார்.

மே மாதம் வந்தது. மண்டபத்தில் நிகழ்ச்சி தொடங்குமுன் மச்சாள் நேராகச் செயலாளரிடம் போனார்.

“தம்பி, கண்ணன்ர படத்தை எனக்குத் தாங்கோ.”

“ஏன் அக்கா? பிரேம் உடைஞ்சிட்டுதோ?”

“இல்லை. அது இந்த மேசைக்குரிய படமில்லை.”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, எட்டு வருசமாச்சு. இனியும்...”

“செத்தவன் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் பார்த்தனீங்களோ? என்ர மனுசன் செத்ததை நான் பார்த்தனான். பங்கருக்குள்ளையே மூடிப்போட்டு வந்தனான். அவரின்ர படம் இருக்கட்டும், விளக்கும் ஏத்துறன். இவனை விசாரிச்சு அனுப்புறம் எண்டு கொண்டுபோனவங்கள். அவங்கள் எல்லோ பதில் சொல்லோணும். நீங்கள் ஏன் தம்பி அவங்களுக்காகப் பதில் சொல்லுறியள்?”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். செயலாளருடைய முகம் வாடிப்போனது. அவர் மேசைக்குப் போனார். படத்தை எடுத்தார். பூவிதழ் ஒட்டியிருந்த கண்ணாடியைத் தன் சேர்ட்டால் துடைத்து, இரண்டு கையாலும் மச்சாளிடம் கொடுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. எங்களுக்கும் வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை,” என்றார்.

“தெரியும் தம்பி. நீங்களும் களைச்சுப்போனியள்,” என்றார் மச்சாள்.

அந்த மாதமே ஊருக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். இவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அங்கே பொலிஸ் வரும், வெயில் எரிக்கும், உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது, வீடில்லை, வாசலில்லை.

“போய் அங்க என்ன செய்யப்போறியள் அக்கா?”

“இருக்கப்போறன்,” என்றார்.

அந்தத் தாய்மாரோடு கொட்டிலில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். கிழமைக்கு ஒருதடவை கதைப்போம். பின்னால் லொறிகள் போகும் சத்தம் கேட்கும். புழுதி, நுளம்புக்கடி, கொட்டிலுக்கு மேலே போட்ட தறப்பாள் காற்றுக்குக் கிழிந்தது, சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஒரு தாய் நேற்றுச் செத்துப்போனார், இப்படித்தான் செய்திகள். குரல் ஒவ்வொரு மாதமும் மெலிந்தது. நான் சொல்வேன், “இருந்தது காணும் மச்சாள், வாங்கோ. உங்கட அறை அப்பிடியே கிடக்குது.”

“வருவன் சுகி. ஒரு பதில் வரட்டும்.”

2019 முடியும் நேரம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள் என்று அறிந்தோம். இவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடினார். சிங்கப்பூரில் விமானம் மாறும்போதே மச்சாள் போய்விட்டார். செத்தவீட்டை அந்தத் தாய்மார்தான் செய்திருந்தார்கள். இவர் லீவு முடியும் வரைக்கும் அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “கொட்டிலில இருந்தனான்” என்றார். கண்ணனுடைய படத்தைக் கொண்டு வரவில்லை. மச்சாள் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் இருக்கிற அம்மா பார்த்துக்கொள்வாராம்.

சில நாட்கள் கழித்துச் செயலாளர் போன் எடுத்தார். துக்கம் விசாரித்தார். வரப்போகும் மே மாதத்துக்கு மச்சாளுடைய படம் ஒன்று தரச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, “மருமகன் கண்ணன்ர படத்தையும் பக்கத்தில வைப்பமோ தம்பி? அக்காவும் போயிட்டா. இனி ஆர் கேக்கப் போகினம்?” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

இவர் போனைக் கிட்ட எடுத்தார்.

“அக்காவின்ர படம் தாறன். மருமகன்ரயை வைக்காதேங்கோ. அவரை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்.”

“சரி தம்பி,” என்று செயலாளர் வைத்துவிட்டார்.

இவர் என்னிடம், “ஊரில இப்ப எத்தினை மணி?” என்று கேட்டார். விடிந்திருக்கும் என்றேன். வேலைக்குப் போகும் சப்பாத்தைப் போட்டபடியே கொட்டிலுக்குப் போன் எடுத்தார். லொறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் கேட்டது.

“அம்மா, நான் நியூசிலாந்திலயிருந்து கதைக்கிறன்,” என்றார் இவர். “ஏதும் தெரிஞ்சுதோ?”